தனிக் கலைஞர்கள் செய்த கைக்கடிகாரங்கள்: முள், தேதி, மாதம், நிலா தவறாகக் காட்டும்போது பார்க்க வேண்டியவை

பெரிய தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வரும் கைக்கடிகாரத்துக்கும், ஒரு கலைஞர் தம் பட்டறையில் ஆண்டுக்குச் சிலவாக மட்டும் செய்யும் கைக்கடிகாரத்துக்கும் பழுது என்று வரும்போது பெரிய வேறுபாடு உண்டு. முதல் வகைக்கு உதிரிபாகம் கேட்டால் கிடைக்கும். இரண்டாம் வகையில் சக்கரத்தில் உடைந்த ஒரு பல்லைக்கூட அதைச் செய்தவரே மீண்டும் வெட்டித் தர வேண்டியிருக்கும். ஆனால் பழுது என்று சொல்லி என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பங்கு பழுதே அல்ல. டயல் காட்டும் முறையைத் தவறாகப் படித்திருப்பார்கள், அல்லது திருத்தும் வரிசையை மாற்றியிருப்பார்கள். உண்மையாகவே உடைந்து வருபவற்றிலும் பல, ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பழுதென்று எண்ணி வலிந்து திருகியதால் உடைந்தவை. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் கீழே செலவில்லாத காரணத்தை முதலிலும், பின்மூடியைத் திறக்க வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எதையும் தொடும் முன்

முதலில் சாவி இருக்கிறதா என்று பார்க்கவும். சாவி குறைந்த கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தாலும், தேதித் தட்டைத் தள்ளும் வலு அதற்கு இல்லாமல் போகலாம். கிரவுனை, அதாவது பக்கத்தில் உள்ள திருகு குமிழை, உள்ளே தள்ளிய நிலையில் இருபது, முப்பது சுற்று கொடுத்துவிட்டுத்தான் மற்ற சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, கடிகாரம் தன்னை இரவில் இருப்பதாக நினைக்கிறதா, பகலில் இருப்பதாக நினைக்கிறதா என்று கண்டுபிடிக்கவும். டயலில் 10 மணி என்றால் அது காலை 10 ஆகவும் இருக்கலாம், இரவு 10 ஆகவும் இருக்கலாம். முட்களை முன்னோக்கி மட்டும் மெதுவாக நகர்த்தி, தேதி எங்கே மாறுகிறது என்று கவனித்தால், அந்த இடமே கடிகாரத்தின் நள்ளிரவு. அதைத் தாண்டி முட்களைக் காலை 6 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். தேதி, கிழமை, மாதம் எதைத் திருத்துவதானாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரவு 8 முதல் அதிகாலை 4 வரையுள்ள நேரத்தில் நாட்காட்டிச் சக்கரங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அப்போது முட்களைச் சுற்றாமல் தேதியை மட்டும் நேரடியாக நகர்த்தும் விரைவுத் திருத்தத்தை முயன்றால், கணிசமான கடிகாரங்களில் ஒரு பல் முறியும். சில கலைஞர்கள் இதற்கெனப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. உங்கள் கடிகாரத்தில் அது இருப்பதாகக் கையேடு சொன்னாலன்றி இல்லை என்றே கொள்ளவும்.

அறிகுறி: கிரவுன் இழுபடவில்லை, அல்லது இழுத்தும் எதுவும் நகரவில்லை

*இழுபடவே இல்லை என்றால்:* மரை வைத்துப் பூட்டும் கிரவுனா என்று முதலில் பார்க்கவும். கடிகாரத்தை எதிரே வைத்துப் பார்க்கும்போது, கிரவுனை உங்களை நோக்கி மெல்லச் சுற்றினால் மரை கழன்று, கிரவுன் சற்றே வெளியே துள்ளும். நகத்தை அடியில் கொடுத்து நெம்புவது கூடாது. கிரவுனை இழுக்கும் ஏற்பாடே இல்லாத கடிகாரங்களும் உண்டு. கிரவுனின் நடுவிலோ பக்கத்திலோ உள்ள பொத்தானை அழுத்தி, சாவி கொடுப்பதா நேரம் வைப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வகைகள் அவை. 2001-இல் வெளிவந்த யுலிஸ் நார்டான் நிறுவனத்தின் ஃப்ரீக் என்னும் கடிகாரத்தில் கிரவுனே கிடையாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி நேரம் வைக்க வேண்டும், பின்புறத்தைத் திருப்பிச் சாவி கொடுக்க வேண்டும்.

*இழுபடுகிறது, ஆனால் எந்த நிலையிலும் முட்கள் நகரவில்லை என்றால்:* முழுமையாக இழுத்தோமா என்று பார்க்கவும். முதல் சொடுக்கில் தேதியும் இரண்டாவதில் நேரமும் நகர்வது பொதுவான வழக்கம். தேதியே இல்லாத கடிகாரத்தில்கூட, பழைய அடிப்படை மெஷினில் முதல் நிலை வெறுமையாக விடப்பட்டிருக்கும். இரண்டு சொடுக்கும் தெளிவாகக் கேட்டு, கிரவுன் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால், உள்ளே கிளட்ச் சக்கரத்தை நகர்த்தும் நெம்புகோலோ அதன் ஸ்பிரிங்கோ இடம் மாறியிருக்கிறது. இதற்கு வெளியிலிருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை.

*கிரவுன் தண்டோடு கையில் வந்துவிட்டால்:* திரும்பச் செருக வேண்டாம். கிளட்ச் நகர்ந்திருக்கும் நிலையில் தண்டை அழுத்தினால், டயலைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலையாக அது வளர்ந்துவிடும். துளையின் மீது ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டித் தூசியைத் தடுத்து, தண்டைத் தனி உறையில் போட்டு நிபுணரிடம் கொடுத்துவிடவும்.

அறிகுறி: கடிகாரம் ஓடுகிறது, ஆனால் காட்டுவது புரியவில்லை

இது பழுதல்ல என்றாலும் அடிக்கடி வருவதால் இங்கே சேர்க்கிறேன். மணி, நிமிடம், நொடி மூன்றும் தனித்தனி வட்டங்களில் இருக்கும் டயலில், நடுவில் உள்ள நீண்ட முள் நிமிடத்தை மட்டுமே காட்டும். அதை மணி முள்ளோடு சேர்த்துப் படிக்கப் பழகிய கண் தடுமாறத்தான் செய்யும். எச். மோசர் நிறுவனத்துக்காக ஆந்திரியாஸ் ஷ்ட்ரேலர் வடிவமைத்த நிரந்தர நாட்காட்டிக் கடிகாரத்தில், நடுவில் ஒரு குட்டி முள் இருக்கும். அது ஓடவில்லை, முறிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது மாதத்தைக் காட்டும் முள். 1 மணிக் குறியில் இருந்தால் ஜனவரி, 12-இல் இருந்தால் டிசம்பர். லூட்விக் ஓக்ஸ்லின் உருவாக்கிய ஓக்ஸ் உண்ட் யூனியர் கடிகாரங்களில் தேதிக்கு எண்ணே இருக்காது. 31 துளைகளில் ஒன்றில் தெரியும் நிறப்புள்ளியின் இடத்தை வைத்துத் தேதியைப் படிக்க வேண்டும்.

நொடி முள் வழுக்கிச் செல்லாமல் நொடிக்கு ஒருமுறை துள்ளுகிறது என்பதும் ஒரு புகார். ஹாப்ரிங் பட்டறையின் எர்வின் போன்ற கடிகாரங்கள் அப்படித் துள்ளவே செய்யப்பட்டவை. பேட்டரி எதுவும் உள்ளே இல்லை.

*மணி எண் சாளரத்தில் துள்ளி மாறும் கடிகாரத்தில் எண் பாதியில் நின்றால்:* சாவி குறைவே முதல் காரணம். முழுச் சாவி கொடுத்து, நிமிட முள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்தி அடுத்த மணியைத் தாண்டிப் பார்க்கவும். 60-ஆம் நிமிடக் குறிக்கு ஓரிரு நிமிடம் முன்போ பின்போ துள்ளினால் பொருட்படுத்த வேண்டியதில்லை. முழுச் சாவியிலும் மீண்டும் மீண்டும் அதே எண்ணில் சிக்கினால், துள்ளலுக்கு விசை தரும் ஸ்பிரிங்கோ, அந்த ஓர் எண்ணுக்குரிய பல்லோ தேய்ந்திருக்கும். எந்த எண்ணில் சிக்குகிறது என்று குறித்துக் கொடுத்தால் நிபுணருக்குப் பாதி வேலை மிச்சம்.

அறிகுறி: நொடி முள் சரியாக ஓடுகிறது, நிமிட முள் பின்தங்குகிறது

நொடி முள் 60-இல் இருக்கும்போது கிரவுனை இழுத்து நிறுத்தி, நிமிட முள்ளை ஒரு கோட்டின் மீது துல்லியமாக வைத்து, நம்பகமான நேரத்தோடு ஒத்துத் தொடங்கி விடவும். 12 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது நொடி முள் சில நொடிகளே விலகியிருக்க, நிமிட முள் மட்டும் இரண்டு மூன்று கோடு பின்னே இருந்தால், கடிகாரத்தின் ஓட்டத்தில் குறையில்லை. நிமிட முள்ளைத் தாங்கும் குழல் பிடி தளர்ந்து வழுக்குகிறது என்று பொருள். தேதி மாறும் நேரத்தில்தான் இந்தக் குழலின் மீது சுமை ஏறும் என்பதால், இரவில் மட்டும் பின்தங்குகிறது என்று சிலர் சொல்வது சரியான கவனிப்பே.

உறுதிப்படுத்த ஒரு வழி: நேரம் வைக்கும் நிலையில் கிரவுனைச் சுற்றும்போது, உறைந்த தேனில் கரண்டியைச் சுழற்றுவது போன்ற ஒரே சீரான எதிர்ப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் முட்கள் மிதந்தால் குழல் தளர்ந்துவிட்டது. கிரவுனே திரும்ப மறுத்தால் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அந்நிலையில் தொடர்ந்து திருகினால் தண்டும் பற்களும் தேயும். இரண்டுக்கும் மருந்து குழலைக் கழற்றிச் சரிசெய்வது. நல்ல கைக்குச் சிறிய வேலை, அனுபவமற்ற கைக்கு முள்ளையும் டயலையும் கீறும் வேலை.

அறிகுறி: தேதி நண்பகலில் மாறுகிறது, மாறவே இல்லை, அல்லது பாதியில் நிற்கிறது

*நண்பகலில் மாறினால்:* முட்கள் 12 மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. மணி முள்ளை முன்னோக்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தேதியை மீண்டும் வைத்தால் முடிந்தது.

*நள்ளிரவுக்கு முன்போ பின்போ மாறினால்:* மெதுவாக மாறும் வகையில் தேதித் தட்டு இரவு 10 மணிக்கே நகரத் தொடங்கி, மாறி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அது இயல்பு. ஒரே துள்ளலில் மாறும் வகையில் 11:50 முதல் 12:10 வரை எங்கே மாறினாலும் நான் கை வைக்க மாட்டேன். அரை மணிக்கு மேல் விலகினால் முட்களைக் கழற்றிச் சரியான இடத்தில் பதிக்க வேண்டும். ஆனால் அதற்காக மட்டும் கடிகாரத்தைத் திறக்காமல் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கலாம்.

*இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால்:* பெரும்பாலும் கடிகாரம் நள்ளிரவு வாக்கில் சாவி தீர்ந்து நின்றிருக்கும். அப்படியே சாவி கொடுத்து, நேரம் வைக்கும் நிலையில் முட்களை முன்னோக்கி நகர்த்தினால் தட்டு தன் வழியே சென்று சரியான இடத்தில் விழும். இந்த நிலையில் தேதியை விரைவாகத் திருத்தும் நிலைக்குப் போவதே நான் காணும் முறிவுகளுக்கு மிகப் பொதுவான காரணம். முட்களை அதிகாலை வரை நகர்த்தியும் எண் சாளரத்தின் நடுவில் வந்து அமரவில்லை என்றால், தட்டைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய ஸ்பிரிங் விலகியிருக்கிறது அல்லது எண்ணெய் கெட்டியாகிவிட்டது.

*விரைவுத் திருத்தம் வேலை செய்யவில்லை, ஆனால் முட்களைச் சுற்றினால் தேதி மாறுகிறது என்றால்:* முதலில் மறுதிசையில் சுற்றிப் பார்க்கவும். ஒரு திசையில் தேதியும் மறுதிசையில் கிழமையும் மாறும் அமைப்பு பரவலாக உண்டு. இரு திசையிலும் வெறுமையாகச் சுழன்றால், அல்லது குறிப்பிட்ட சில சுற்றுக்கு ஒருமுறை மட்டும் பிடித்தால், திருத்தும் சக்கரத்தில் ஒரு பல் போய்விட்டது. முட்களைச் சுற்றியே தேதியை மாற்றிக்கொண்டு கடிகாரத்தைத் தொடர்ந்து கட்டலாம் என்று தோன்றும். நான் அதை ஆதரிப்பதில்லை. முறிந்த பல் உள்ளே எங்கோ கிடக்கிறது. அது ஓடும் சக்கரங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தால் சிறிய செலவு பெரிதாகும்.

சரியான வரிசையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முட்களைக் காலை 6-க்குக் கொண்டுவரவும். விரைவுத் திருத்தத்தால் நேற்றைய தேதியை வைக்கவும். பிறகு முட்களை முன்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்டினால் இன்றைய தேதி வரும். அங்கிருந்து இப்போதைய நேரத்துக்குப் போகவும், பிற்பகலாக இருந்தால் நண்பகலையும் தாண்டி.

அறிகுறி: மாதம் அல்லது ஆண்டுச் சுழற்சி தவறிவிட்டது

எந்த வகை நாட்காட்டி என்று தெரியாமல் இதைத் தொடவே கூடாது. சாதாரணத் தேதிக் கடிகாரம் ஆண்டுக்கு ஐந்து முறை, 31 நாள் இல்லாத ஒவ்வொரு மாதத்தின் முடிவிலும், கையால் திருத்தப்பட வேண்டும். படேக் ஃபிலிப் 1996-இல் அறிமுகப்படுத்திய ஆண்டு நாட்காட்டி வகை, 30 நாள் மாதத்தையும் 31 நாள் மாதத்தையும் தானே வேறுபடுத்தும். பிப்ரவரியை மட்டும் அறியாது. எனவே மார்ச் 1 அன்று கடிகாரம் 29 என்று காட்டினால் அது பழுதன்று. நிரந்தர நாட்காட்டி நெட்டாண்டையும் (லீப் ஆண்டையும்) அறியும். தொடர்ந்து ஓடினால் 2100-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை திருத்தம் தேவைப்படாது. அந்த ஆண்டு நான்கால் வகுபட்டாலும் நெட்டாண்டு அல்ல.

*நிரந்தர நாட்காட்டி சில நாள் நின்று பின்தங்கியிருந்தால்:* இதுவே மிக எளிய நிலை. எல்லாம் ஒன்றாகவே நின்றிருப்பதால், முட்களை முன்னோக்கி நாளுக்கு நாள் சுற்றினாலும், எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்தும் திருத்தியை (விளிம்பில் உள்ள சிறு பொத்தானை) அழுத்தினாலும் தேதி, கிழமை, மாதம், நிலா நான்கும் ஒன்றாகவே முன்னேறும். தனித்தனித் திருத்திகளைத் தொடுவதால்தான் அவற்றின் ஒத்திசைவு கெடுகிறது.

*முன்னே போய்விட்டால்:* பின்னோக்கித் திருத்தக்கூடிய கடிகாரங்கள் உண்டு. மேலே சொன்ன மோசரும், ஓக்ஸ்லின் யுலிஸ் நார்டானுக்காக உருவாக்கிய நிரந்தர நாட்காட்டியும் அவ்வகை. மற்றவற்றில் பின்னோக்கிச் சுற்றுவது விலையுயர்ந்த முறிவில் முடியும். ஓரிரு வாரமே முன்னே இருந்தால், கிரவுனை உள்ளே தள்ளி, கடிகாரம் தானாக நிற்கும்வரை விட்டு, அது காட்டும் தேதி உண்மையில் வரும் நாளன்று சாவி கொடுத்து ஓட விடுங்கள். இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது. வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காத வைத்தியமும் இதுவே.

*மாதம் மட்டும் தவறியிருந்தால்:* தேதி 29, 30, 31-இல் இருக்கும்போது மாதத் திருத்தியை அழுத்த வேண்டாம். தேதியை மாதத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு மாதத்தையும், நெட்டாண்டு சுட்டியையும் சரிசெய்து, அடுத்துத் தேதியையும், அதற்குப் பின் கிழமையையும், கடைசியாக நிலாவையும் வைக்கவும். கலைஞர் தந்த கையேடு வேறு வரிசையைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். பிப்ரவரி தவறான ஆண்டில் 29 நாள் காட்டினால், அநேகமாக நெட்டாண்டுச் சுழற்சி ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ தள்ளி வைக்கப்பட்டிருக்கும். அதைச் சரிசெய்ய மாதத் திருத்தியை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பொறுமையாக அழுத்துவதைத் தவிர குறுக்குவழி இல்லை.

*திருத்திப் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால்:* விளிம்பில் பதிந்திருக்கும் இந்தச் சிறு பொத்தான்களைக் கடிகாரத்துடன் வந்த மழுங்கிய குச்சியால் மட்டுமே அழுத்த வேண்டும். ஊசி, பேனா முனை, காகித க்ளிப் எல்லாம் வழுக்கி உலோகத்தைக் கீறும், ரப்பர் வளையத்தையும் துளைக்கும். அடிவரை அழுத்தி, சொடுக்கு உணர்ந்த பின் விடவும். பாதி அழுத்தம் சுட்டியை இரு எண்களுக்கு நடுவே நிறுத்திவிடும். சிக்கியதை ஒருமுறை மெதுவாக மீண்டும் அழுத்திப் பார்க்கலாம். எழும்பவில்லை என்றால் நள்ளிரவுக்கு முன் கிரவுனை இழுத்து நொடி முள்ளை நிறுத்திவிட்டு நிபுணரை அழைக்கவும். அழுந்திய திருத்தியின் மீது தேதிமாற்றம் மோதினால் சேதம் உள்ளே தொடரும்.

அறிகுறி: நிலா தவறு

நிலாத் தட்டில் இரண்டு நிலாக்கள் இருக்கும். வழக்கமான அமைப்பில் தட்டுக்கு 59 பற்கள், அதாவது ஒரு நிலாவுக்கு 29.5 நாள். உண்மையான சுழற்சி 29.53 நாளுக்குச் சற்று மேல் என்பதால், ஏறத்தாழ 32 மாதங்களுக்கு ஒருநாள் பிசகும். ஆகவே மூன்றாண்டாக ஓடும் கடிகாரத்தில் ஒருநாள் வேறுபாடு கண்டால் ஓர் அழுத்தத்தோடு விஷயம் முடிந்தது. 135 பற்கள் கொண்ட அமைப்பில் ஒருநாள் பிசக 122 ஆண்டு ஆகும்; அதில் ஒருநாள் தவறு என்றால் வைத்தவர் கை தவறு. பௌர்ணமி நிலா சாளரத்தின் நட்டநடுவே வரும்வரை திருத்தியை அழுத்தி, கடந்த பௌர்ணமியிலிருந்து எத்தனை நாள் ஆயிற்றோ அத்தனை முறை மேலும் அழுத்தவும். தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு வளர்பிறையின் ஒளிரும் பக்கம் டயலில் காண்பதற்கு நேர் எதிராகத் தெரியும். பெரும்பாலான டயல்கள் வடகோள வானத்துக்காக வரையப்பட்டவை.

அறிகுறி: சாவி இருப்பு முள் பொய் சொல்கிறது

*முழுச் சாவி கொடுத்தும் 0 காட்டினால்:* அளவுகோலைப் படிக்கவும். எஃப். பி. ஜூர்ன் என்னும் கலைஞரின் க்ரோனோமெட்ர் சூவ்ரென் போன்றவற்றில் அந்த முள் மீதமுள்ள மணிநேரத்தைக் காட்டாது; சாவி கொடுத்து எத்தனை மணிநேரம் கழிந்தது என்பதைக் காட்டும். அங்கே 0 என்றால் முழுச் சாவி. அதைத் தீர்ந்துவிட்டதாக எண்ணி மேலும் திருகுவதுதான் ஆபத்து. கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் உறுதியான தடை உணர்ந்ததும் நிறுத்த வேண்டும். தானாகச் சாவி ஏறும் கடிகாரத்தில் அத்தகைய தடை இருக்காது.

*முன்னதாகவே நின்றுவிட்டால்:* முழுச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கி இருக்குமாறு அசையாமல் வைத்து, நிற்கும் நேரத்தைக் குறிக்கவும். சொல்லப்பட்ட அளவுக்கு அருகே ஓடினால், கையில் கட்டும்போது, கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் போதிய சாவி ஏற்றவில்லை என்றே பொருள். நாற்காலியை விட்டு எழாதவர்களுக்கு இது சகஜம். ஒவ்வொரு நாளும் நள்ளிரவு வாக்கில் மட்டுமே நின்றால் நாட்காட்டியின் சுமையைத் தாங்க வலு இல்லை. அளவில் பாதிகூட ஓடவில்லை என்றால் சர்வீஸ் காலம் வந்துவிட்டது. சமநிலைச் சக்கரத்தின் அலைவை அளக்கும் கருவியில் வைப்பவர், பொதுவான 52 பாகைத் தூக்குக்கோணத்தையே (ஒவ்வொரு தள்ளலின்போதும் அச்சக்கரம் திரும்பும் கோணத்தையே) எல்லாவற்றுக்கும் வைத்துவிடக் கூடாது. சாவியின் விசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் எஸ்கேப்மென்ட் அமைப்பு தனிக் கலைஞர்களிடையே வேறுபடும். கோணம் தவறினால் நலமான கடிகாரமும் நோயாளியாகத் தெரியும்.

அறிகுறி: திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் வேகம்

காந்தம் ஏறியிருக்கும். திசைகாட்டிக்கு அருகே கடிகாரத்தைக் கொண்டுசென்றால் அதன் முள் சட்டெனத் துள்ளும். காந்தநீக்கும் கருவியில் நொடிப்பொழுது வேலை. அதன் பிறகும் வேகம் குறையவில்லை என்றால் ஹேர் ஸ்பிரிங்கின் (சமநிலைச் சக்கரத்தை அலையவைக்கும் மெல்லிய சுருளின்) சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது திறந்து பார்க்க வேண்டியது.

உடனே நிறுத்திக் கலைஞரிடம் அனுப்ப வேண்டியவை

கண்ணாடியின் உட்புறம் பனித்திருப்பது, குலுக்கும்போது ஏதோ உருளும் ஓசை, கிரவுனில் நறநறப்பு, தண்டு கழன்று வருவது ஆகிய நான்குக்கும் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். பனித்திருந்தால் கிரவுனை இழுக்காமல் அன்றே அனுப்பவும். எஃகுப் பாகங்களில் துரு தொடங்க நாட்கணக்கில் ஆகாது. மற்றவர் திறந்த கடிகாரத்துக்குச் சில கலைஞர்கள் பொறுப்பேற்பதில்லை என்பதால், வழியில் யாரிடமாவது காட்டிவிட்டு அனுப்பலாம் என்ற யோசனையையும் கைவிடவும். பட்டறை மூடப்பட்டிருந்தால், அக்கலைஞரிடம் பணியாற்றியவரையோ, அதே அடிப்படை மெஷினில் வேலை செய்பவரையோ தேடலாம். பாகத்தைப் புதிதாக வெட்டித் தரக்கூடியவர்தானா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அனுப்பும்போது கடிகார எண், கடைசியாகத் தொட்ட திருத்தி, அப்போது டயல் காட்டிய மணி, முழுச் சாவியில் இருந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைக்கவும். கோளாறு தெரியும் கணத்தை அலைபேசியில் படம்பிடித்து அனுப்பினால் இன்னும் நல்லது. நள்ளிரவில் மட்டும் வரும் கோளாறு பகலில் மேசைக்கு வந்ததும் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். கிரவுனை உள்ளே தள்ளி, மரை இருந்தால் பூட்டி, முட்கள் காலை 6-க்கும் 7-க்கும் இடையே நிற்குமாறு வைத்து, வார்ப்பட்டை பின்மூடியில் உரசாதபடி மென்துணி சுற்றிக் கட்டவும்.